சினைப்பையை விட்டுவைக்கச் சொல்லுங்கள்

கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பெண் யார் வந்து எதிரில் உட்கார்ந்தாலும், முதலில் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கேட்டு வாங்கிவிடுவேன். அதில் நான் தேடுவது ஒரே விஷயம்: சினைப்பைகளை விட்டுவைத்திருக்கிறார்களா, சேர்த்து எடுத்துவிட்டார்களா? காகிதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. "பையை எடுத்தாச்சு டாக்டரம்மா, அம்புட்டுதான் தெரியும்" என்பார்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் பல வருடங்களாக மகப்பேறு மருத்துவம் பார்த்துவருகிறேன். இந்தப் பதிலைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. தன் உடம்பிலிருந்து எது போயிற்று, எது மிச்சம் இருக்கிறது என்பது ஒரு பெண்ணுக்கே தெரியாமல் இருக்கலாமா?

கர்ப்பப்பை பிள்ளையைச் சுமக்கிற உறுப்பு. பிள்ளை பெற்று முடித்தபின் அதில் தீராத நோய் வந்தால் எடுக்கலாம், அதில் தவறில்லை. அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் சினைப்பைகள் கதையே வேறு. மாதம் ஒரு கருமுட்டை தருவது அவற்றின் ஒரு வேலைதான். ஈஸ்ட்ரோஜன் சுரப்பது இன்னொரு வேலை. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட நாளோடு முதல் வேலைக்கு அவசியம் இல்லாமல் போகலாம். இரண்டாவது வேலை எலும்புக்கும் ரத்தக்குழாய்க்கும் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இன்னும் பல வருடங்கள் நடந்தாக வேண்டும். "பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு?" என்று கேட்கும் பெண்களுக்கும், அவர்கள் வீட்டு ஆண்களுக்கும், சில வேளை என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஈஸ்ட்ரோஜன் உருவாகும் விதமே அழகானது. சினைப்பைக்குள் கருமுட்டை ஒரு சிறு நீர்க்கொப்புளத்துக்குள் வளர்கிறது. அதைச் சுற்றி இரண்டு அடுக்குச் செல்கள். வெளி அடுக்கு, ரத்தத்தில் வரும் கொலஸ்ட்ராலை எடுத்து ஆண் ஹார்மோன் வகைப் பொருளாக மாற்றுகிறது. உள் அடுக்கு அதை வாங்கி, அரோமடேஸ் என்ற என்சைமைக் கொண்டு ஈஸ்ட்ரோஜனாக்குகிறது. பெண் ஹார்மோன் என்று நாம் சொல்வது ஆண் ஹார்மோனிலிருந்துதான் பிறக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் 1923இல், பன்றியின் சினைப்பைக் கொப்புளங்களில் இருந்த நீரை எடுத்து, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளின் உடலில் ஏற்றிப் பார்த்தார்கள். இனப்பெருக்கப் பருவத்தின் மாற்றங்கள் அந்த எலிகளுக்குத் திரும்ப வந்தன. 1929இல் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைத் தூய படிகமாகவே பிரித்தெடுத்துவிட்டார் டாய்சி. ஜெர்மனியில் பூட்டநன்ட் என்பவரும் அதே வருடம் தனியாகச் செய்து முடித்தார்.

அப்போதெல்லாம் இது கர்ப்பப்பைக்கும் மார்புக்குமான ஹார்மோன் என்றே நினைத்தார்கள். ஈஸ்ட்ரோஜனை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களில் இருப்பதை எல்வுட் ஜென்சன் 1958 வாக்கில் சிகாகோவில் கண்டறிந்தார். அதன்பின் தேடத் தேட அந்த ஏற்பிகள் எலும்பில், ரத்தக்குழாயின் உட்சுவரில், மூளையில், தோலில், சிறுநீர்ப் பாதையில் என்று எங்கும் தென்பட்டன. 1996இல் இரண்டாவது வகை ஏற்பியும் தெரியவந்தது. எங்கெல்லாம் ஏற்பி இருக்கிறதோ அங்கெல்லாம் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை இருக்கிறது. அது திடீரென்று நின்றால் அங்கெல்லாம் பாதிப்பும் இருக்கும்.

அந்தப் பாதிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வயது 38. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மார்கழி மாதக் காலை, வெளியே எல்லாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். இவர் உள்ளே வந்ததும் ஸ்கேன் உறையை எடுத்து விசிறத் தொடங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து முகம்வரை சிவப்பேறியது. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி, உடம்பு நடுங்கியது.

"ராத்திரியில ஏழெட்டுத் தடவ இப்படித்தான் டாக்டரம்மா. உடம்பெல்லாம் காந்துது. சேல நனைஞ்சு போகுது. தூக்கமே இல்ல. பிள்ளைகமேல எரிஞ்சு எரிஞ்சு விழுறேன். எங்க வீட்டுல, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுங்கறாரு."

"ஏம்மா, கையில என்ன கட்டு?"

"வாசல் தெளிக்கையில வழுக்கி கைய ஊனிட்டேன். மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு."

காகிதத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன், 36 வயதில், வேறொரு ஊர்த் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். காரணம்: அதிக உதிரப்போக்கு, சிறு நார்க்கட்டி. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தன. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டு சினைப்பைகளும் நல்ல நிலையில் இருந்ததாக எழுதியிருந்தது. "விட்டு வச்சா பின்னால கேன்சர் வரும், ஒரே வேலையா முடிச்சிருவோம்னு சொன்னாங்க" என்றார். ஆபரேஷனுக்குப் பின் ஹார்மோன் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால்சியம் மாத்திரை மட்டும் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தார்கள்.

இயல்பாக மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சில வருடங்களாக ஏறி இறங்கித் தடுமாறி, மெல்லத்தான் வற்றும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51. நின்ற பிறகும் சினைப்பை ஓரளவு ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். உடம்பின் கொழுப்பு அதைக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். சினைப்பையையே வெட்டி எடுத்துவிட்டால் இந்த அவகாசமும் இல்லை, அந்த மிச்சமும் இல்லை. ஓரிரு நாளில் அளவு தரைதட்டிவிடும். உடல் சூட்டைச் சீராக வைக்கும் பகுதி மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். அங்குள்ள சில நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன்தான் அடக்கி வைத்திருக்கிறது. அது போனதும் அவை மிகையாகத் துடிக்கின்றன. சின்னச் சூட்டைக்கூடப் பெரிய வெப்பமாக எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்துவிட்டு வியர்வையைக் கொட்ட வைக்கின்றன. அந்தப் பெண்ணுக்குக் கிறுக்கு எதுவும் இல்லை. தூக்கம் போன எவருக்கும் கோபம் வரும்.

காந்தல் கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பில் நடப்பது தெரிவதில்லை. பழைய கட்டடத்தில் ஓர் ஆள் உளுத்த காரையைப் பெயர்த்துக்கொண்டே போக, பின்னாலேயே கொத்தனார் புதுக் காரை பூசிக்கொண்டு வருவதுபோல, எலும்பில் தின்னும் செல்களும் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. பெயர்க்கும் ஆளைக் கட்டுக்குள் வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது இல்லாவிட்டால் பெயர்ப்பது முந்திக்கொள்ளும். மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாறு வருடங்களில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. முதலில் மணிக்கட்டு, பிறகு முதுகெலும்பு, கடைசியில் இடுப்பு என்று முறிவுகள் வரும். 46, 47இல் தொடங்க வேண்டிய கரைதல் 36இல் தொடங்கினால், 60 வயதில் அந்தப் பெண்ணின் இடுப்பு எலும்பு எப்படி இருக்கும்?

எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவ உலகம் ஓர் ஆணிடமிருந்துதான் அழுத்தமாகக் கற்றுக்கொண்டது. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆண் ஹார்மோன் சரியாகவே இருந்தது. அவருடைய ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான் பிறவியிலேயே பழுது. அதனால் எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடவே இல்லை. எலும்பு அடர்த்தியும் வயதுக்கு மிகக் குறைவாக இருந்தது. ஆணின் எலும்பே ஈஸ்ட்ரோஜனை நம்பித்தான் நிற்கிறது என்றால் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதயத்துக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாய்களை இளக்கமாக வைத்திருக்கிறது, கெட்ட கொலஸ்ட்ராலை மட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் நர்ஸ்களை வைத்து நடந்த புகழ்பெற்ற ஆய்வில், புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட 29,380 பெண்களை இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்கள் குறைந்தன, உண்மைதான். ஆனால் மாரடைப்பு கூடியது. மொத்த மரணமும் கூடியது. எந்த வயதிலும், சினைப்பையை எடுத்ததால் ஆயுள் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. மாதவிலக்கு நிற்கும் முன்பே சினைப்பை எடுத்த பெண்களுக்கு மறதி நோய் அதிகம் வருகிறது என்று மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007இல் சொன்னார்கள். எவ்வளவு இளவயதில் எடுத்தார்களோ அவ்வளவு அதிகம். 'புற்றுநோய் வரும்' என்று பயமுறுத்தி எடுக்கும்போது தராசின் இந்தப் பக்கத்தையும் காட்ட வேண்டாமா?

சினைப்பைப் புற்றுநோய் பற்றிய அச்சத்துக்கு இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. அந்தப் புற்றுநோயில் பெரும்பான்மையான வகை சினைப்பையில் அல்ல, அதற்குப் பக்கத்தில் உள்ள கருக்குழாயின் நுனியில் முளைக்கிறது என்பது தெளிவாகிவருகிறது. ஆகவே கர்ப்பப்பையை எடுக்கும்போது கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுத்துவிட்டு, நல்ல சினைப்பைகளை அப்படியே விட்டுவிடலாம். நான் அதைத்தான் செய்கிறேன். ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவதால் சிலருக்கு அந்தச் சினைப்பை ஓரிரு வருடம் முன்னதாக ஓய்ந்துபோகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

எடுத்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. சினைப்பையிலேயே புற்றுநோய் அல்லது சந்தேகத்துக்குரிய கட்டி இருப்பவர்கள், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள குடும்பத்துப் பெண்கள், கர்ப்பப்பையின் உள்வரி போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸின் அடங்காத வலியால் துடிப்பவர்கள் இவர்களில் சிலர். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்கள் விஷயத்திலும் முடிவு வேறாக இருக்கலாம். 36 வயதில் உதிரப்போக்குக்காக வந்தவர் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை.

உண்மையில் அவருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதுகூட இருந்திருக்காது. பெரும்பாட்டுக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. ஐந்து வருடத்துக்கும் மேல் வேலை செய்யும் ஹார்மோன் லூப் இருக்கிறது. நம் நாட்டிலேயே கண்டுபிடித்த மருந்தும் இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன், 1991இல் 'சஹேலி' என்று கருத்தடை மாத்திரையாக வந்தது. இப்போது அரசுத் திட்டத்தில் 'சாயா' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். இது ஹார்மோன் அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு, கர்ப்பப்பையின் உள்வரியில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கிறது; எலும்பிலோ ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கிறது. வாரம் இருமுறை என்று மூன்று மாதம் கொடுத்தாலே பலருக்கு உதிரப்போக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. இப்படி ஒரு மருந்தை வைத்துக்கொண்டு, கேட்டவுடன் கத்தியை எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இது ஒரு ஊரின் கதை அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி 15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அது இரு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்களைப் பற்றி 2019இல் விசாரித்த அரசுக் குழு, 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. உத்தரவு ஆபரேஷன் தியேட்டர்வரை வந்துசேர வேண்டுமென்றால், கையெழுத்துப் போடும் முன் நீங்கள் கேட்க வேண்டும். மருந்தில் சரியாகாதா? எடுத்தே தீர வேண்டுமென்றால் சினைப்பைகளை விடுவீர்களா? விட முடியாதென்றால் ஏன்? சம்மதப் படிவத்தில் அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டவர்கள் என்ன செய்வது? 45 வயதுக்கு முன் சினைப்பையை இழந்தவருக்கு, தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை, ஏறக்குறைய 50 வரை, ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே உலக அளவில் ஏற்றுக்கொண்ட சிகிச்சை. இதைச் சொன்னதும் "ஹார்மோன் மாத்திரையா, மார்பகப் புற்றுநோய் வருமே" என்று பதறுவார்கள். அந்தப் பதற்றம் பிறந்த இடம் 2002 ஜூலை. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனோடு, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போன்ற புரோஜெஸ்டின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பிரிவை அப்போது பாதியில் நிறுத்தினார்கள். அதில் 16,608 பெண்கள். சராசரி வயது 63. பத்தாயிரம் பெண்களுக்கு ஆண்டுக்கு 30 ஆக இருந்த மார்பகப் புற்றுநோய் 38 ஆனது. எட்டுப் பேர் கூடுதல். மாரடைப்பும் பக்கவாதமும் சிறிது கூடின. இடுப்பு எலும்பு முறிவு குறைந்தது. மக்கள் மனதில் நின்றது புற்றுநோய்தான். கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவும் அதே ஆய்வில் இருந்தது. பக்கவாதம் கூடியதால் 2004இல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலக் கணக்கில் குறைந்தே இருந்தது. 63 வயதில் புதிதாகத் தொடங்குவதன் ஆபத்தை, இழந்ததை 38 வயதில் திருப்பித் தருவதற்குப் பொருத்திப் பார்ப்பது சரியல்ல.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், பக்கவாதம், மாரடைப்பு கண்டவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் ஆகியோருக்கு இதைக் கொடுக்கமாட்டோம். கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கவும் கூடாது. கர்ப்பப்பையின் உள்வரி தடிக்காமல் காக்கும் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்தாக வேண்டும். தோலில் தடவும் ஜெல்லில் மாத்திரையைவிட ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கு அந்த ஜெல்லைத்தான் எழுதினேன். திருநெல்வேலிக்கு அனுப்பி டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி பார்க்கச் சொன்னேன், குறைவாகத்தான் இருந்தது. கேப்பைக் கூழ், எள்ளு, காலை வெயில், தினம் நடை என்று மற்றதையும் எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் காந்தல் தணிந்து தூக்கம் வந்தது. வீட்டுக்காரரையும் ஒருமுறை அழைத்துவரச் சொல்லி, நடந்தது என்ன என்று படம் போட்டு விளக்கினேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயதானவர்கள் சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் எழுதிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பிறப்புறுப்பின் உட்சுவர் தடிப்பாக இருக்கும். அங்கே நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து காவல் காக்கும். அது வற்றியதும் சுவர் மெலியும், எரிச்சலும் வறட்சியும் வரும், உறவு வலிக்கும், நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும். 60 வயதில் மாதம் ஒரு ஆன்டிபயாடிக் என்று சாப்பிட்டுக்கொண்டு, "இது வயசாளிக்கு வர்றதுதான்" என்று எத்தனை பாட்டிகள் பொறுத்துக்கொள்கிறார்கள்! இஸ்ரேலில் மாதவிலக்கு நின்ற 93 பெண்களிடம் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஈஸ்ட்ரியால் கிரீமை உள்ளே தடவியவர்களுக்கு நீர்க்கடுப்பு வருடத்துக்குச் சராசரியாக 0.5 முறை, வெறும் கிரீம் தடவியவர்களுக்கு 5.9 முறை. முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. நிறுத்தினால் பழைய தொல்லை திரும்பிவிடும் என்பதால் தொடர்ந்து தடவ வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல், ஒருமுறை பரிசோதித்துவிட்டு வாங்குங்கள்.

ஈஸ்ட்ரோஜன் குறைவதைப்போலவே, எதிர்க்க ஆளில்லாமல் மிகுந்திருப்பதும் கெடுதல். உடல் பருத்தவர்களுக்குக் கொழுப்பிலிருந்தும், பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில் முட்டை வெடிக்காமல் போவதாலும், கர்ப்பப்பையின் உள்வரி புரோஜெஸ்டிரோன் இல்லாமல் தடித்துக்கொண்டே போகும். அது புற்றுநோயாகவும் மாறலாம். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் ரத்தம்தான். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கடந்தபின் சேலையில் ஒரு சொட்டு பட்டாலும், 'வெயில் சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருக்காமல், அந்த வாரமே வந்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.